ஹார்ட்நாட் பாதை மட்டும் வேண்டாம்

விண்டர்மியர்
5 ஜூன் 1978, திங்கள்

அன்புள்ள ஆக்னஸ் அக்காவுக்கு,

இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வருவதற்குள் எங்கள் வீட்டு மணியை அடித்துப் பார்த்து, பக்கத்து வீட்டிலும் விசாரித்திருப்பீர்கள். பயப்பட வேண்டாம். உங்கள் தம்பி வில்ஃப் என்னோடுதான் இருக்கிறார். ஏரிப் பக்கம் வந்திருக்கிறோம், எங்கள் ஆஸ்டின் காரில். ஓட்டிக்கொண்டு வந்தது நான்தான்.

ஒரு வார்த்தை சொல்லாமல் கிளம்பியது தப்புதான். சொல்லியிருந்தால் விட்டிருப்பீர்களா? வெள்ளிக்கிழமை அவரை அந்த முதியோர் இல்லத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கிறோம். அதற்குமுன் ஒரே ஒரு தடவை இந்த மலைகளை அவரோடு பார்த்துவிட வேண்டும் என்று தோன்றிவிட்டது. ஈஸ்டரில் தொடங்கி அக்டோபர் வரைக்கும், எத்தனை வருஷம் சுற்றுலாப் பேருந்தை இந்தச் சாலைகளில் ஓட்டினார்! யார் யாருக்கோ ஏரியைக் காட்டினார். எனக்கு அஞ்சலட்டை வரும். "அடுத்த வருஷம் உனக்கு ஒரு சீட்டு புடிச்சு வைக்கிறேன்" என்பார். அடுத்த வருஷமும் பேருந்து நிறைந்துவிடும்.

லங்காஸ்டரைத் தாண்டும்போது ஒரு லாரி என்னை உரசிக்கொண்டு போனது. கை வியர்த்து ஸ்டீயரிங் வழுக்கியது. வரைபடத்தை அவர் மடியில் வைத்திருந்தேன், அவர் அதைத் தொடவே இல்லை. இடது கையால் வழி காட்டிக்கொண்டே வந்தார். ஜனவரியில் பக்கவாதம் வந்ததிலிருந்து அவரிடம் மிச்சமிருப்பது 'இல்ல' என்கிற ஒரே சொல்தான், உங்களுக்குத் தெரியும். வேண்டும் என்றாலும் இல்ல, வேண்டாம் என்றாலும் இல்ல. ஆனால் நான் தப்பான பக்கம் ஒதுங்கியபோது ஒரு 'இல்ல' போட்டார் பாருங்கள், பழைய வில்ஃப் மாதிரியே இருந்தது.

ஏரிக்கரைக்கு வந்ததும், "எறங்கலாமா?" என்றேன். "இல்ல." இந்தத் தடவை நிஜமான இல்லை. எதிரே பேருந்துகள் நின்றிருந்தன. சீருடை போட்ட இளைஞன் ஒருவன் ஒரு பாட்டியம்மாவைக் கைபிடித்து இறக்கிவிட்டுக்கொண்டிருந்தான். இவர் முகத்தை ஜன்னல் பக்கமிருந்து திருப்பிக்கொண்டார். கூட்டிக்கொண்டு வந்திருக்கக் கூடாதோ?

நாளை கர்க்ஸ்டன் கணவாய் ஏறி பாட்டர்டேல். அப்புறம் கெஸ்விக். கடைசியாக எஸ்க்டேல் பள்ளத்தாக்கில் பூட் கிராமம், அங்கிருந்து ஹார்ட்நாட் மலைப்பாதை வழியாகத் திரும்புவோம். மூன்று விடுதி விலாசமும் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். இல்லத்துத் தலைமைச் செவிலியிடம் பேசி, படுக்கையை இன்னும் சில நாள் நிறுத்திவைக்கச் சொல்வீர்களா?

தொலைபேசியில் கூப்பிடாததற்குக் காரணம் உண்டு. உங்கள் குரலைக் கேட்டால் காரைத் திருப்பிவிடுவேன்.

மர்ட்டில்


லங்காஸ்டர்
6 ஜூன், செவ்வாய்

மர்ட்டில்,

'அன்புள்ள' என்று எழுதப் பேனா வரவில்லை.

படுக்கையை நிறுத்திவைக்க மாட்டார்கள். வெள்ளி மதியம்வரைதான். அதற்குக் காத்திருக்கிறவர்களின் வரிசை உனக்குத் தெரியுமா? நான் வார்டில் வேலை பார்த்தவள் என்ற ஒரே முகதாட்சண்யத்தில் கிடைத்த இடம் அது.

நீ கார் ஓட்டும் லட்சணம் எனக்குத் தெரியாதா? போன வருஷம் உங்கள் வீட்டு வாசல் தூணையே உன்னால் தாண்ட முடியவில்லை. இந்த அழகில் கர்க்ஸ்டன் ஏறுகிறாளாம், ஹார்ட்நாட் இறங்குகிறாளாம். ஹார்ட்நாட்டில் வில்ஃபே ஓட்டியதில்லை. பேருந்து வளையாது என்று அடிவாரத்திலேயே நிறுத்தி, "இதுக்கு மேல ஆடுதான் போகும்" என்று சொல்லித் திருப்பிக்கொண்டு வருவான்.

அவனுக்கு என்ன கொடுக்கிறாய்? தண்ணீராக எதையும் கொடுக்காதே, தேநீரைக்கூடக் கெட்டியாக்கித்தான் கொடுக்க வேண்டும். தலையைக் கொஞ்சம் முன்னால் குனிய வை. வலது கன்னத்தில் உணவு தங்கும், அது அவனுக்குத் தெரியாது, நீதான் விரலால் எடுக்க வேண்டும். ஓடுகிற காரில் ஒரு துண்டு ரொட்டிகூடக் கொடுக்கக் கூடாது. இதெல்லாம் ஆஸ்பத்திரியில் சொன்னபோது நீ ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தாய். நான் பார்த்தேன்.

எங்கள் அம்மா போனபோது வில்ஃபுக்குப் பால்பல் விழவில்லை. குளிப்பாட்டி, சோறு ஊட்டி வளர்த்தவள் நான். திரும்பி வா.

ஆக்னஸ்


பாட்டர்டேல்
7 ஜூன், புதன்

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதம் இன்று காலை வந்தது. ஒருநாள் முன்னால் வந்திருக்கக் கூடாதா?

நேற்று கர்க்ஸ்டன் ஏறும்போது மூடுபனி இறங்கிவிட்டது. இரண்டு பக்கமும் கல்லடுக்குச் சுவர், நடுவில் வெள்ளைச் சுவர். முன்னால் போகும் காரின் சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டே ஏறினேன். உச்சிக்குப் போனதும் எஞ்சின் கொதித்து ஆவி கிளம்பியது. அங்கே உச்சியிலேயே இருந்த ஒரு விடுதியின் வாசலில் ஓரங்கட்டினேன். வந்துவிட்டோம் என்ற சந்தோஷம் எனக்கு. கிராஸ்மியரில் வாங்கிய இஞ்சி ரொட்டியைப் பிட்டு அவர் வாயில் வைத்தேன்.

அடைத்துக்கொண்டது. முதலில் எனக்குப் புரியவே இல்லை. இருமலும் வரவில்லை, சத்தமும் வரவில்லை. முகம் மட்டும் கறுத்துக்கொண்டே போனது. நான் கத்தியிருக்கிறேன் போல. விடுதிக்காரர் ஓடிவந்து, கதவைத் திறந்து, அவரை முன்னால் கவிழ்த்து முதுகில் ஓங்கி ஓங்கி அடித்தார். ஒரு துண்டு வெளியே வந்து விழுந்தது. அவ்வளவு சின்னத் துண்டு.

நீங்கள் சொன்னது சரி. ஆஸ்பத்திரியில் நான் வெளியேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்டால் அது உண்மையாகிவிடும் என்று பயம்.

இங்கே பாட்டர்டேலில் நாங்கள் தங்கியிருக்கும் விடுதிக்கார அம்மா, திருமதி டாப்சன், வில்ஃபைப் பார்த்ததும் வாசலிலேயே, "அடேங்கப்பா, வில்ஃப் ஹோல்டனா! ஆளு பாதியா வந்திருக்கியே, மீதிய எங்க வச்சிட்டு வந்த?" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இவருக்கோ இடது பக்கம் முழுக்கச் சிரிப்பு. ஊரில் எல்லோரும் அவர் காதருகே குழந்தையிடம் பேசுவதுபோலப் பேசுகிறார்கள். இவள் வம்புக்கு இழுக்கிறாள். இன்று மதியம் மசித்த உருளைக்கிழங்கைத் தலை குனிந்தபடியே முழுதாகச் சாப்பிட்டார். தேநீரில் சோளமாவு கலந்து கொடுத்தேன்.

நீங்கள் இங்கே தொலைபேசியில் கூப்பிட்டபோது திருமதி டாப்சன் "வெளிய போயிருக்காங்க" என்று சொன்னது பொய். நான் பக்கத்தில்தான் நின்றேன். கையை நீட்டினேன், எடுக்க முடியவில்லை.

திரும்பி வருவதா வேண்டாமா என்று எனக்கே தெரியவில்லை. நாளை கெஸ்விக் போகிறோம். அங்கே எழுதுங்கள்.

மர்ட்டில்


லங்காஸ்டர்
8 ஜூன், வியாழன்

மர்ட்டில்,

சோளமாவு சரி. நன்றாகக் கலந்ததும் கொஞ்சம் ஆறவிடு. கட்டி இருக்கக் கூடாது. மூச்சு இழுக்கும்போது 'கரகர' சத்தம் வருகிறதா, காய்ச்சல் அடிக்கிறதா என்று பார். வந்தால் நுரையீரலுக்குள் உணவு போயிருக்கிறது என்று அர்த்தம். ஒருநாள்கூடத் தாமதிக்காமல் டாக்டரிடம் போ.

நேற்று நான் சாப்பிடவில்லை. எனக்கு அந்த மலையெல்லாம் தெரியும். அங்கே அவனுக்கு இன்னொரு தடவை பக்கவாதம் வந்தால் ஆம்புலன்ஸ் எந்த ஊரிலிருந்து கிளம்பி, எப்போது வந்து சேரும்? அடுத்தது வந்தே தீரும் என்று நான் சொல்லவில்லை. வரக்கூடியது.

ஒரே ஒரு கேள்வி. யோசித்துப் பதில் சொல். இந்தப் பயணம் அவனுக்காகவா, உனக்காகவா?

நாளைக் காலை நீ திரும்பிக் கிளம்பினால் மதியத்துக்குள் இல்லத்துக்கு வந்துவிடலாம். கிளம்பவில்லையென்றால் கெஸ்விக் போலீசுக்குச் சொல்வேன். வெறும் மிரட்டல் என்று நினைக்காதே.

ஆக்னஸ்


கெஸ்விக்
9 ஜூன், வெள்ளி

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதமும் கான்ஸ்டபிளும் ஒன்றாகவே வந்து சேர்ந்தார்கள். நான் கிளம்புகிறேனா என்று பார்க்கக்கூட நீங்கள் காத்திருக்கவில்லை.

காலைச் சாப்பாட்டு மேஜையில் இருந்தோம். ரெல்ஃப் என்று பெயர், வயதான மனிதர். தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டு மரியாதையாகத்தான் பேசினார். மற்ற மேஜைக்காரர்கள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எங்களையே பார்த்தார்கள்.

"ஐயா, நீங்க உங்க விருப்பப்படிதான் வந்தீங்களா?"

"இல்ல."

கான்ஸ்டபிள் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"அப்ப இந்தம்மா கட்டாயப்படுத்திக் கூட்டிட்டு வந்தாங்களா?"

"இல்ல."

"வீட்டுக்குப் போகணுமா?"

"இல்ல."

"இங்கயே இருக்கணுமா?"

"இல்ல!"

விடுதிக்காரி இடையில் புகுந்தாள். "சார், காலையில முட்டை வேணுமான்னு கேட்டேன். அதுக்கும் இல்லன்னுதான் சொன்னாரு. ரெண்டு முட்டையயும் வழிச்சுத் தின்னுட்டாரு."

யாரோ சிரித்தார்கள். கான்ஸ்டபிள் சிரிக்கவில்லை. தலையைச் சொறிந்தார். "அம்மா, எனக்கும் வேற வழி தெரியல. உங்க நாத்தனார் வந்து சேர்ற வரைக்கும் கார் சாவி என்கிட்ட இருக்கட்டும்" என்று மேஜைமேல் இருந்த சாவியை எடுத்தார்.

வில்ஃபின் இடது கை அவர் மணிக்கட்டைப் பிடித்தது. அந்தக் கையில் இவ்வளவு பலம் இருப்பது எனக்கே தெரியாது. சாவியைப் பிடுங்கி, என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டார். பிறகு கான்ஸ்டபிளை நிமிர்ந்து பார்த்தார்.

கான்ஸ்டபிள் தொப்பியை மாட்டிக்கொண்டார். "எனக்கு வேண்டிய பதில் கெடச்சிடுச்சு. மெதுவா ஓட்டுங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இப்போது மதியம் தாண்டிவிட்டது. படுக்கை போயிருக்கும்.

உங்கள் கேள்விக்குப் பதில்: எனக்காகத்தான். எத்தனை கோடைகாலம் தனியாக இருந்தேன்! அவர் ஊருக்கெல்லாம் சிரிப்புக் காட்டிவிட்டு, களைத்துப்போய் வீட்டுக்கு வந்து தூங்குவார். அந்தக் கோபம் எனக்கு இருந்தது, இன்னும் இருக்கிறது. ஓய்வு கிடைத்ததும் எல்லாம் சரியாகும் என்று காத்திருந்தேன். ஓய்வு கிடைத்த முதல் குளிர்காலமே விழுந்துவிட்டார். இல்லத்தில் விட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பார்வையாளர் நேரத்தில் போய்ப் பார்க்கிறவளாக ஆவதற்கு முன்னால், எனக்குச் சேர வேண்டியதில் கொஞ்சமாவது வாங்கிக்கொள்கிறேன் அக்கா. இது சுயநலம் என்றால் சுயநலம்தான்.

காய்ச்சல் இல்லை. கரகர சத்தம் இல்லை. நாளை எஸ்க்டேல் போகிறோம்.

மர்ட்டில்


லங்காஸ்டர்
10 ஜூன், சனி

அன்புள்ள மர்ட்டில்,

படுக்கை போய்விட்டது. நேற்று மதியமே வேறு ஒருவரைச் சேர்த்துவிட்டார்கள். போலீசை அனுப்பியதற்கு நான் வருத்தப்படவில்லை. ஆனால் எல்லோர் முன்னாலும் சாப்பாட்டு மேஜையில் வைத்துக் கேட்கச் சொல்லி நான் சொல்லவில்லை. அது அந்த ஆளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். அந்த இடத்துக்கு நான் அலைந்தது அவனுக்காக மட்டும் இல்லை. மார்ச் மாதம் நான் வந்திருந்தபோது, மாடிப்படியில் அழுக்குத் துணி மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு நீ அழுதுகொண்டிருந்தாய். நான் பார்த்துவிட்டு, சத்தம் காட்டாமல் வெளியே போய், மணி அடித்துத் திரும்ப உள்ளே வந்தேன். நோயாளிக்கு முன்னால் மனைவி போய்ச் சேர்வதை வார்டில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அவனைத் தூக்கித் தூக்கி உன் முதுகு வளைந்திருக்கிறது. அது உனக்குத் தெரியவில்லை.

இப்போது ஒன்றே ஒன்று கேட்கிறேன். இது கட்டளை இல்லை. பூட் கிராமத்திலிருந்து மேற்கே திரும்பிக் கடலோரச் சாலையில் வா. சுற்றுவழிதான், ஆனால் சமதரை. ஹார்ட்நாட் பாதை மட்டும் வேண்டாம். தொலைபேசி மணி அடிக்கும்போதெல்லாம் முன்பு அவன் முகம் மட்டும் வரும். இப்போது இரண்டு முகம் வருகிறது. இந்த வயதில் என்னால் முடியவில்லை.

ஆக்னஸ்


ஆம்பிள்சைட்
13 ஜூன், செவ்வாய்

அன்புள்ள அக்கா,

நாங்கள் இருவரும் உயிரோடு இருக்கிறோம். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

உங்கள் கடிதத்தை நேற்றுக் காலை பூட் கிராமத்தில் படித்தேன். இரண்டு தடவை படித்தேன். படித்துவிட்டு மேற்கே, கடல் பக்கமாகத்தான் காரைத் திருப்பினேன். சத்தியம். வில்ஃப் ஒரு 'இல்ல'கூடச் சொல்லவில்லை. மடியில் கையை வைத்துக்கொண்டு சாலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான். அவர் தடுத்திருந்தால் நான் சண்டை போட்டுக்கொண்டே கடலோரம் போய்ச் சேர்ந்திருப்பேன். தடுக்கவில்லை. ஒரு பண்ணை வாசலில் நானேதான் திருப்பினேன். பழியை அவர்மேல் போட மாட்டேன்.

மலையடிவாரத்தில் ஒரு சிவப்புத் தொலைபேசிக் கூண்டு இருக்கிறது. இறங்கிப்போய் உங்களைக் கூப்பிட்டேன். உங்கள் லைனில் வேறு பேச்சு நடந்துகொண்டிருந்தது. நீங்கள் பூட் விடுதியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தீர்களாம், பிறகு தெரிந்தது.

பாதையா அது? சுவரில் ஏறுவதுபோல இருந்தது. முதல் கியரில் எஞ்சின் அலறிக்கொண்டே வந்தது. மழை தூறிக்கொண்டிருந்தது. மூன்றாவது கொண்டையூசி வளைவில், எதிரே ஒரு ஆள் பெரிய காரில், பின்னால் காரவான் என்கிற வீட்டு வண்டியை இழுத்துக்கொண்டு இறங்கி வருகிறான்! அந்தப் பாதையில் வீட்டு வண்டி! மிதித்தேன். எஞ்சின் நின்றுவிட்டது. கார் மெல்லப் பின்னால் வழுக்கியது. கைப்பிரேக்கை இழுத்தேன், பிடிக்கவில்லை. கால் பிரேக்கில் இரண்டு காலையும் வைத்து அழுத்தினேன். நின்றது, ஆனால் எத்தனை நேரம் அப்படியே அழுத்திக்கொண்டிருப்பது? கண்ணாடியில் பார்த்தால் பின்னால் சாலை இல்லை, வெறும் ஆகாயம்.

அந்த ஆள் தலையை வெளியே நீட்டி, "பின்னால எடும்மா, பின்னால எடு!" என்று கத்துகிறான்.

வில்ஃப் அசைந்தார். அவர் வலது கைதான் செத்த கை, கைப்பிரேக்கோ அந்தப் பக்கம். உடம்பு முழுவதையும் திருப்பி, என்மேல் சாய்ந்து, இடது கையால் அதைப் பிடித்து, தொங்குகிற மாதிரி இழுத்தார். 'கிர்ர்' என்று ஒரு பல் கூடுதலாக ஏறி, பிரேக் பிடித்தது. அப்படியே தொங்கிக்கொண்டு, தலையை ஜன்னல் பக்கம் தூக்கி, மலையே அதிரக் கத்தினார்:

"முட்டாப்பயலே!"

அக்கா, ஐந்து மாதத்தில் இரண்டாவது சொல். அந்த ஆள் வெளுத்துப்போனான்.

மேலிருந்து நடைப்பயணக்காரர்கள் இரண்டு பேர் ஓடிவந்தார்கள். எங்கள் பின் சக்கரத்துக்குக் கல் வைத்தார்கள். வீட்டு வண்டியைக் கழற்றி எல்லோருமாகப் புல்வெளிக்குத் தள்ளினார்கள். அந்த ஆள் வந்து, "அம்மா, தப்பு என்மேலதான். நான் வேணா உங்க கார மேல கொண்டுபோய் விடட்டுமா?" என்றான். "இல்ல" என்றார் வில்ஃப். நானும் வேண்டாம் என்றேன். கைப்பிரேக் அவர் கையில். நான் கிளட்சை மெல்ல விட்டேன். கார் முக்கியது, அந்த நொடியில் அவர் விடுவித்தார். ஏறிவிட்டோம்.

உச்சியில் பின்னால் கடல், முன்னால் மலைக்குப் பின் மலை. அவருக்குக் காட்ட வேண்டும் என்று கையைப் பிடித்து வெளியே இறக்கினேன். நிறுத்த முடியவில்லை. அவர் என்மேல் சாய, நான் பின்னால் விழ, இருவரும் ஈரப் புல்லில் கிடந்தோம். எழுந்திருக்கத் தெம்பில்லை. ஆடுகள் எங்களை வேடிக்கை பார்த்தன. அவர் சிரித்தார். நானும் சிரித்தேன், பிறகு அழுதேன். நடைப்பயணக்காரர்கள் ஏறி வரும்வரை அப்படியே கிடந்தோம். அவர்கள்தான் தூக்கி உட்காரவைத்தார்கள்.

காரை என்னால் மலை ஏற்ற முடிகிறது. அவரைப் புல்லிலிருந்து தூக்க முடியவில்லை. நீங்கள் என் முதுகைப் பற்றி எழுதியது சரிதான். ஆனால் அவரை இல்லத்தில் விட இனி என்னால் ஆகாது. தனியாகவும் ஆகாது. எங்கள் வீட்டு மாடியில் ஒரு அறை சும்மாத்தான் கிடக்கிறது. இதற்குமேல் எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை.

வியாழக்கிழமை வீடு வந்துவிடுவோம்.

மர்ட்டில்


லங்காஸ்டர்
14 ஜூன், புதன்

அன்புள்ள மர்ட்டில்,

முதலில் ஒரு விஷயம். பக்கவாதக்காரர்களுக்குப் பேச்சு போனாலும் வசவு தங்கும். மூளையில் அதற்கு வேறு இடம். வார்டில் வாயே திறக்காத பாதிரியார் ஒருவர் எங்களைக் கண்டபடி திட்டியிருக்கிறார். அதனால் பேச்சு திரும்பிவிட்டது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரியாதே. அந்த ஒரு சொல்லுக்குப் பெரிய அர்த்தம் எதுவும் கிடையாது. ஆனாலும் எந்தக் குரலில் சொன்னான் என்று நீ எழுதியிருக்கலாம். பழைய குரலா?

ஈரப் புல்லில் கிடந்தீர்கள் என்கிறாய். நெஞ்சில் சளி கட்டுகிறதா என்று பார். உன்னுடையதையும் சேர்த்துத்தான்.

உங்கள் மாடி அறைக்கு நான் வர மாட்டேன். அதில் ஈரம் கசிகிறது, என் முழங்காலுக்கு ஆகாது. என் படுக்கையைக் கீழே முன்னறையில் போடு. வில்ஃபின் கட்டிலை ஜன்னல் பக்கம் நகர்த்து. இரண்டு பக்கமும் ஆள் நிற்க இடம் வேண்டும், ஒருவர் தோளையும் ஒருவர் இடுப்பையும் பிடித்தால் முதுகு தப்பும். தூக்கும் விதத்தை உனக்குக் கற்றுத்தருகிறேன். கற்றுக்கொண்டதும் நான் என் வீட்டுக்குத் திரும்பிவிடுவேன். இரண்டு வாரம், அதற்குமேல் ஒருநாள் இல்லை. உன் சமையலை என்னால் அதற்குமேல் தாங்க முடியாது.

சனிக்கிழமை காலைப் பேருந்தில் வருகிறேன். நிலையத்துக்குக் கார் எடுத்துக்கொண்டு வராதே, நான் நடந்தே வருவேன். அவ்வளவு தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை.

என் வீட்டுப் பால்காரனிடம், மறுபடி சொல்லும்வரை பால் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஆக்னஸ்